கஜனை மாற்றப் போன இடத்தில்

கோலியர்ஸ் வுட்டில் எனக்கு மூன்று கடைகள். முதல் கடையின் தட்டுகளுக்கு நானே பலகை அறுத்து, நானே ஆணி அடித்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லண்டனுக்கு வந்து இறங்கியபோது தெரிந்த ஆங்கிலம் ‘யெஸ்’ ஒன்றுதான்; அதை மட்டும் வைத்துக்கொண்டே பெற்றோல் நிலையத்தில் எட்டு வருடம் நின்றேன். தேர்த் திருவிழாவுக்குத் தெருவில் தண்ணீர்ப்பந்தல் போட கவுன்சில் விடாது என்றார்கள். போட்டேன். எங்கள் பொடியள் கிரிக்கெட்டுக்குத்தான் சரி, கூடைப்பந்து வேண்டாத வேலை என்றார்கள். எட்டுப் பேரைச் சேர்த்துக் கழகம் தொடங்கினேன். ஆறு வருடம் நானே தலைவர்.

இவ்வளவும் செய்த எனக்கு, தூரத்திலிருந்து போட்டால் ஏன் மூன்று புள்ளி, கிட்ட நின்று போட்டால் ஏன் இரண்டு என்பது இன்றுவரை விளங்கவில்லை. (பந்து ஒன்றுதானே?) இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. சின்ன வயதுக் குழப்படி என்று தள்ளிவிடவும் வழியில்லை.

எங்கள் அணியின் நட்சத்திரம் கஜன். ஜெர்மனியில் பிறந்து, தாய் தகப்பனோடு லண்டனுக்கு வந்த பிள்ளை. ஆறடி நாலங்குலம். அவன் கையில் பந்து கிடைத்தால் மற்ற அணி வீட்டுக்குப் போகலாம். அந்த வருடம் கிண்ணப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. பயிற்சிக்குப் பிந்தி வந்தான். கேட்டால், “ஒண்டுமில்லை அங்கிள்.” ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்துப் பார்த்தேன். மாம்பழம் போனது, முகம் அப்படியே இருந்தது.

என் கடையின் பின்பக்கம் ரோல்ஸ், பற்றிஸ் விற்கும் மூலைதான் எங்கள் ரசிகர்களின் பாராளுமன்றம். ஞாயிறு காலை அங்கே விவாதம் தொடங்கியது. முடிவெட்டும் சிவம் அமெரிக்க ஆட்டங்கள் ஒன்றும் விடாமல் பார்க்கிறவன்.

“அண்ணை, அங்க எண்டால் இப்பிடி மூஞ்சை நீட்டுற ஸ்டாரை வைச்சிருக்க மாட்டாங்கள். குடுத்திட்டு ரெண்டு பேரை எடுப்பாங்கள். அப்டன் பார்க் கழகத்தில ரெண்டு நல்ல பொடியள் நிக்கிறாங்கள்.”

“விசர்க் கதை கதையாதை,” என்றார் எங்கள் கோச் நேசன். “கஜன் போனால் கிண்ணமும் போகும்.”

“மூஞ்சையை நீட்டிக்கொண்டு விளையாடுறவனால என்ன பிரயோசனம்?”

“ஏன், அவன் மூஞ்சையாலயோ பந்து போடுறான்? கையாலதானே!”

ஒருவர் காதல் தோல்வி என்றார். இன்னொருவர் சனி மாற்றம் என்றார். நேசன் மட்டும் என்னைப் பார்ப்பதும், தேநீரைப் பார்ப்பதுமாக இருந்தார். “அண்ணை, காரணம் என்னெண்டால்…” என்று இரண்டு தரம் தொடங்கினார். நான் கையை உயர்த்தினேன். தலைவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது என்பது நான் எழுதிய விதி.

“நானே அப்டன் பார்க்குக்குப் போறன். தங்கராசாவோட கதைச்சு முடிக்கிறன்,” என்றேன். ஒருவர் கழகம் மாறுவதென்றால் இரண்டு தலைவர்களும் மாற்றல் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் கழகங்களுக்குள் ஒழுங்கு. கையெழுத்து வைப்பதில் எனக்கு எப்போதும் விருப்பம்.

அடுத்த ஞாயிறு நேசனையும் கஜனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். போகிற காரியம் நல்லபடி நடக்க வேண்டுமென்று முதலில் விம்பிள்டன் கோயிலுக்குப் போய், மாற்றல் பத்திரத்தைத் தட்டில் வைத்து அர்ச்சனை செய்வித்தேன். கஜனுக்குத் தன் நட்சத்திரம் தெரியாது. ஐயர் காத்து நின்றதால் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்குமே செய்யச் சொன்னேன். (பத்திரம் ஒன்றுதானே என்று நினைத்தேன். பிறகு அது எவ்வளவு சரியாகப் பலித்தது என்பதை வாசிக்கப் போகிறீர்கள்.)

தங்கராசா கிரீன் ஸ்ட்ரீட்டில் சேலைக்கடை வைத்திருப்பவர், அப்டன் பார்க் கழகத்தின் தலைவர். கடைக்கு மேலே உள்ள அறையில் அவருடைய ஆட்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தேநீர் வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பி, இரண்டு கழகங்களின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.

தங்கராசா கஜனைப் பார்த்தார். “தம்பி, உமக்கு அங்க என்ன குறை?”

கஜன் குனிந்தான்.

“சொல்லடா, பயப்பிடாதை. நான் நிக்கிறன்,” என்றேன் நான். என் வாழ்க்கையில் நான் கொடுத்த தைரியங்களில் இதைத்தான் திருப்பி வாங்க விரும்புகிறேன்.

“அங்கிள், ஐ ரெஸ்பெக்ட் யூ,” என்றான் கஜன். “ஆனா அந்த ஹாஃப் டைம்…”

இதை விளக்க வேண்டும். ஆட்டத்தின் அரைநேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, மைக்கில் அவர்களுடைய அருமை பெருமைகளைச் சொல்வது நான் உண்டாக்கிய வழக்கம். படத்தில் எடுப்பாகத் தெரியுமென்று பொன்னாடையை எப்போதும் கஜனைக் கொண்டே போர்த்துவிப்பேன். அது அவனுக்கு நான் கொடுத்த கௌரவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“வேர்வையோட நாற்பது நிமிசம் நிக்கிறன் அங்கிள். மசில் எல்லாம் இறுகிப் போகுது. ஒவ்வொரு அங்கிளுக்கும் குனிஞ்சு குனிஞ்சு முதுகு நோகுது. போன மாட்ச்சில ஒருத்தருக்கு ரெண்டு தரம் போர்த்தினனான், போட்டோ சரியா வரேல்லை எண்டு.”

நான் நேசனைப் பார்த்தேன்.

“சொல்லுவமெண்டுதான் அண்ணை இருந்தனான்,” என்றார் நேசன். “நீங்கள் மைக்கை விட்டால்தானே.”

“அப்ப உமக்குக் கழகம் மாற விருப்பமில்லை?” என்று தங்கராசா கஜனைக் கேட்டார்.

“இல்லை அங்கிள். எனக்கு டீம் ஓகே. தலைவர் அங்கிள்தான்…” மீதியைச் சொல்ல அவன் நல்ல வளர்ப்பு விடவில்லை.

தங்கராசாவின் ஆள் ஒருவர் சிரித்தார். “அப்ப பிரச்சினை லேசு. பொடியனை விட்டிட்டுத் தலைவரைத் தாங்கோ!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்து பார்த்தால் தங்கராசா மட்டும் சிரிக்கவில்லை.

“உண்மையாத்தான் கேக்கிறன். எங்களிட்டை மைக் பிடிக்க ஆளில்லை. எனக்கு மேடையில ஏறினால் நாக்கு ஒட்டிப் போகுது.”

அதற்குப் பிறகு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடாது. என்னை நடுவில் இருத்திவைத்துக்கொண்டு என் தரத்தை ஆராயத் தொடங்கினார்கள்.

“வயசு கொஞ்சம் கூட,” என்றார் ஒருவர்.

“குரலுக்கு வயசில்லை,” என்றார் நேசன். நண்பர் எனக்காகப் பேசுகிறார் என்று ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது. அவர் விற்றுக்கொண்டிருந்தார்.

“முழங்கால் எப்பிடி?”

“ஒரு மணித்தியாலம் நிண்டு பேசுவார். நான் பாத்திருக்கிறன்.”

“ரோல்ஸும் வருமோ?”

“ஆள் வந்தால் ரோல்ஸும் வரும்.”

“சரி, திருப்பி எடுக்கச் சொல்லிக் கேக்கக்கூடாது,” என்றார் தங்கராசா.

“கேக்க மாட்டம்,” என்றார் நேசன். அவ்வளவு வேகமாக அவர் பதில் சொல்லி நான் கண்டதில்லை.

கடைசியில் என் விலை இரண்டு பந்து என்று முடிவானது. அதில் ஒன்றுக்குக் காற்று அடிக்க வேண்டியிருந்தது.

பத்திரம் என் முன்னால் வந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம். கழகம் என்னுடையது, நான் மாட்டேன் என்றால் யாராலும் அசைக்க முடியாது. ஆனால் கஜன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகம் விரிந்திருந்தது. நான் போனால் அவன் நிற்பான், நான் நின்றால் அவன் போவான். ஏழாம் வகுப்புக் கணக்கு போதும் இதற்கு. பேனையை எடுத்தேன். அனுப்புகிற தலைவர் கையெழுத்து வைக்கும் இடத்திலும் நான், போகிறவர் கையெழுத்து வைக்கும் இடத்திலும் நான். ‘ஆடும் இடம்’ என்று இருந்த கட்டத்தில் தங்கராசா ‘மைக்’ என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து மனைவி சறோவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “ரெண்டு பந்தோ? நான் எண்டால் ஒண்டோட விட்டிருப்பன்,” என்றாள். இன்றைக்கும் நான் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் நீட்டிப் பேசினால் மகள், “அம்மா, அப்டன் பார்க்குக்கு ஒரு போன் அடியுங்கோ,” என்பாள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் இந்தக் கதையை மட்டும் பிழையில்லாமல் சொல்வார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் அவர்கள் விட்டுவிடுகிற ஒரு பகுதி இருக்கிறது.

அந்த வருடம் இறுதியாட்டம் கோலியர்ஸ் வுட்டுக்கும் அப்டன் பார்க்குக்கும்தான். அரைநேரத்தில் அப்டன் பார்க் பதினொரு புள்ளி முன்னால். என் புதிய கழகத்துக்காக மைக்கைப் பிடித்தேன். ஒன்பது பெரியவர்கள். ஒன்பது பொன்னாடை. அப்டன் பார்க்கின் ஐந்து பொடியளையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரைக் கொண்டும் போர்த்துவித்தேன். தங்கராசாவின் சரித்திரத்தை அவர் பிறந்த நாளிலிருந்து சொன்னேன். அந்தப் பக்கம் கஜன் துள்ளித் துள்ளி உடம்பைச் சூடாக வைத்திருந்தான். ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது அப்டன் பார்க் பொடியள் ஓடியது, மரக்கட்டை ஓடினால் எப்படியோ அப்படி. கோலியர்ஸ் வுட் ஆறு புள்ளியால் வென்றது.

நான் யாருக்காக அவ்வளவு நேரம் பேசினேன் என்று தங்கராசா இன்றும் கேட்கிறார். நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கிண்ணம் இப்போது நேசன் வீட்டில் இருக்கிறது. அடியில் கஜனின் பெயர், மற்றப் பொடியளின் பெயர், கோச்சின் பெயர் எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. போன கிழமை போனபோது அளந்து பார்த்தேன். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது, தாராளமாக அடங்கும். தலைவர் என்று போடச் சொல்லி நான் கேட்கவில்லை. விளையாடியவர்களின் வரிசையில் போடுங்கள்.