மறுத்துப் பேசும் வகுப்பிலிருந்து நான் விலகியது பற்றி

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் ரத்தக்கொதிப்பும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் சங்கத் துணைத்தலைவர் பதவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாவிட்டாலும் கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும்.

ஏழு மாதத்துக்கு முன் உறவினர் அத்தனை பேர் நடுவிலும், “சும்மாதானே இருக்கான், நம்ம சங்கத்துக்கு வந்து நாலு ஏழைப் பொண்ணுங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுக்கட்டுமே” என்று என்னைக் காட்டிச் சொன்னீர்கள். இருபத்தாறு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டி, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவனே எனக்கு மேலாளராக வந்ததால் விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். அதற்குப் பெயர் சும்மாவா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியவனுக்கு உங்கள் சங்கம் ஒதுக்கிய வகுப்பு எது தெரியுமா? ‘மறுத்துப் பேசும் பயிற்சி.’

கையேட்டில் நான்கே விதிகள். கண்ணைப் பார், முடியாது என்று சொல், காரணம் சொல், மன்னிப்புக் கேட்காதே. முதல் நாளே முப்பது பெண்களும், “நீங்க சொல்லிக் காட்டுங்க சார்” என்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “முடியாதுங்க, மன்னிக்கணும்” என்றேன். “சார், நாலாவது போச்சு!” என்று கூரை அதிரச் சிரித்தார்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், வீட்டுப்பாடம் கேட்டால் முடியாது, ஜன்னலைச் சாத்தச் சொன்னால் முடியாது என்று என்னிடமே சொல்லிப் பழகி மெருகேறினார்கள். எல்லோரையும் மிஞ்சியவள் ஃபியூஸ். பதினாறு வயது. கூட்ட அறையில் விளக்கு அணைந்து காவலாளி மெழுகுவத்தி தேடப் போனபோது, முக்காலியில் ஏறி நின்று ஃபியூஸைச் சரிசெய்துவிட்டாள். அதனால் அந்தப் பெயர். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்குச் சங்கத்தின் பரிந்துரையில் செயலாளரோ துணைத்தலைவரோ கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் நாளை, வெள்ளிக்கிழமை.

போன திங்கட்கிழமை நன்கொடையாளர்கள் வருவதாக இருந்தது. ‘முன்பு – பின்பு’ என்று படங்களை ஜோடி ஜோடியாக மாட்ட வேண்டுமாம். ‘பின்பு’ படங்கள் தயார். எண்ணெய் தடவி, சீவி, சிரிக்க வைத்து எடுத்தாகிவிட்டது. பெண்கள் சேர்ந்த அன்று ‘முன்பு’ படம் எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் என்ன? செயலாளர் அம்மா ஒரு மூட்டை கிழிந்த உடுப்புகளுடன் வந்திறங்கினார். புகைப்படக்காரர் பெண்களின் தலையைக் கலைத்துவிட ஆள் கேட்டார். வரிசையில் முதலாவதாக ஃபியூஸ். “கொஞ்சம் சோகமா பாரும்மா” என்றார் செயலாளர்.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். “முடியாது மேடம். நான் இங்க வந்தப்பவே நல்ல சட்டைதான் போட்டிருந்தேன். எங்கம்மா துவைச்சு, தேச்சுக் குடுத்தது.”

நான்காவது விதிப்படி அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மற்ற இருபத்தொன்பது பேரும் மூட்டையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்கள். சுவரில் ‘உன் குரலை உயர்த்து’ என்று ஆளுயரத்துக்குப் பதாகை. செயலாளர் அம்மா கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைத் தட்டிக் காட்டினார். “குரல் உயர்த்துறது மூணாவது நிகழ்ச்சிடி! இது ரெண்டாவது! யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு இதெல்லாம்?”

முப்பது விரல்களும் என் பக்கம் திரும்பின. அத்தான், பதவி உயர்வுப் பட்டியலில்கூட என்னை யாரும் அப்படிச் சுட்டிக்காட்டியதில்லை.

படத்துக்கு நிற்காவிட்டால் பரிந்துரை கிடையாது என்று செயலாளர் அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். என்னைத் தனியே அழைத்து, “நீங்க சொன்னா கேப்பா சார், ஒரு நிமிஷ வேலை” என்றார். நான் முடியாது என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் காரணம் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பிய வேகத்தில் அவருடைய தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கோப்பையை வேண்டுமென்றே உடைத்ததாக அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். இருக்கட்டும். அதை நான் மறுக்கப் போவதில்லை.

ஆக, உங்கள் சங்கத்துக்கும் எனக்கும் இன்றோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எந்தச் சங்கத்துக்கும், எந்தப் பெண்ணுக்கும், எந்தப் பரிந்துரைக்கும் இனி என்னை இழுக்காதீர்கள். உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, உயிருள்ளவரை கேட்கவும் மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழட்டும். உங்களுக்கும் அப்படியே.

இப்படிக்கு,
சும்மா இருக்கும் மைத்துனன்

பி.கு.: தபாலை நம்பாமல் இதை ஃபியூஸ் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது எதிரில்தான் நின்றுகொண்டிருப்பாள். பரிந்துரைத் தாளும் உறைக்குள் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திடுங்கள். நாளை காலை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன். முடியாது என்று வேண்டுமானால் அவளிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் ஒன்று, மறுப்பது எப்படி என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடுத்தவர் மறுத்தால் பேசாமல் திரும்பிப் போவது எப்படி என்ற பாடம் கையேட்டிலேயே இல்லை.