முழந்தாளிட்டிட்டு ஓடுங்கோ!

கொழும்பில் கவர்னரைப் பார்ப்பது சுலபம், கடவுளைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. கவர்னர் மாளிகை வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வேதக்கோயில் வாசலில் ‘உஷ்’ நின்றார். சிப்பாய்களிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

வாயைத் திறந்தால் முதலில் வருவது ‘உஷ்’ என்பதால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே ‘ஐயா’ என்போம். ஈர்க்குச்சி உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி. கிழமை நாட்களில் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் பெரிய துரையின் அறை வாசலில் பியூன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயிலில் கதவு திறப்பது, மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது எல்லாம் அவர்தான். சம்பளம் கிடையாது. அதிகாரம் மட்டும் ஏராளம்.

கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் ஞாயிறே நான் அவரிடம் அகப்பட்டேன். கைக்கு ஆறு காப்பு போட்டிருந்தேன். படியேறும்போது கலகலவென்றது.

“உஷ்! பிள்ளை, எங்க போறீர்?”

“பூசைக்கு, ஐயா.”

“பூசைக்கோ, கூத்துக்கோ? எங்கட துரையின்ர அறைக்குள்ள இந்தச் சத்தத்தோட போவீரோ?”

“எனக்கு உங்கட துரையைத் தெரியாதே.”

“சர்வேசுரனை மட்டும் நல்லாத் தெரியுமோ?”

காப்புகளைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, களவெடுத்தவள் மாதிரி உள்ளே போனேன்.

அவருடைய வேதசாத்திரம் முழுவதும் துரையின் அறை வாசலில் படித்தது. துரையிடம் போகும்போது சப்பாத்தைத் துடைக்க வேண்டும், இருமலை வெளியே முடித்துவிட வேண்டும், தொப்பி கக்கத்தில் இருக்க வேண்டும், திரும்பும்போது முதுகைக் காட்டக் கூடாது. கேவலம் தேயிலை விற்கிற துரைக்கே இவ்வளவு என்றால், வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு எவ்வளவு? அதனால் உஷ் பீடத்திலிருந்து வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே நடப்பார். ஒரு தூணில்கூட இடித்ததில்லை. முதுகில் கண் முளைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பங்கில் கோர்ட்டில் வழக்குப் பேசுகிற ஒரு புரொக்டர் இருந்தார். ஒருநாள் புதுச் சப்பாத்தோடு வந்தார். அடிக்கு ஒரு ‘கிறீச்’. உஷ்ஷின் கோட்டுப் பையில் சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய் எப்போதும் இருக்கும். நடுவழியில் புரொக்டரை மறித்து, குந்தியிருந்து, காலில் கிடந்த சப்பாத்துக்கே எண்ணெய் விட்டார். கிறீச் நின்றுவிட்டது. புரொக்டர்தான் நிற்கவில்லை. மெழுகு தேய்த்த தரையில் நேரே பீடத்துப் படி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனார். அவ்வளவு வேகமாகச் சர்வேசுரனை அணுகியவர் எங்கள் பங்கில் வேறு யாரும் இல்லை.

ரோசம்மா அக்கா கதை இன்னொன்று. அவர் முழந்தாளிட்ட உடனேயே வாய்விட்டுக் கேட்கத் தொடங்கிவிடுவார்: “ஆண்டவரே, மகளுக்கு ஒரு மாப்பிள்ளை தாரும், மகனுக்குத் துறைமுகத்தில வேலை தாரும், கூரை ஒழுகுது…”

உஷ் பக்கத்தில் போய்க் குனிந்தார். “அக்கா, முதல்ல குட் மோர்னிங் சொல்லுங்கோ.”

“ஆருக்கு?”

“அவருக்குத்தான். வந்ததும் வராததுமாக் கேட்டா எந்தத் துரை தருவார்?”

அடுத்த ஞாயிறு ரோசம்மா அக்கா பீடத்தைப் பார்த்து, “குட் மோர்னிங் சேர்” என்று சொல்லிவிட்டுத்தான் பட்டியலை எடுத்தார். அந்த மாதமே மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது! பிறகென்ன? பாதிக் கோயில் ‘குட் மோர்னிங்’ என்று முணுமுணுக்கத் தொடங்கியது. பூசை வைக்கிற சுவாமியார் தன்னைத்தான் சொல்கிறார்களாக்கும் என்று கொஞ்ச நாள் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

உஷ்ஷால் வெல்ல முடியாத ஒரே ஆள் சூசைமுத்தர். ரயில்வேயில் இருந்து பென்சன் எடுத்தவர், காது அரைவாசி, மூக்கு முழுக்க மூக்குத்தூள். முன்வரிசை வாங்குப் பலகையில் இருந்தபடி பிரசங்கம் முடியும் வரை நித்திரை கொள்வார். சுவாமியார் நற்கருணையை உயர்த்தி, கோயிலே மூச்சை அடக்கும் அந்தக் கணத்தில் எழும்பி ஒரு தும்மல் தும்முவார். புறாக்கள் பறக்கும்.

“தும்மலை நான் கூப்பிடுறேல்லைத் தம்பி. அது தானா வருகுது,” என்பார் உஷ்ஷிடம்.

“துரைக்கு முன்னால வருமோ?”

“எனக்கு மேல இப்ப துரை இல்லை. நான் பென்சன்காரன்.”

இந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதுதான் மற்றப் போரும் வந்தது. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டான் என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் கோயிலின் பக்கக் கதவு இரண்டையும் மணல் மூட்டை அடுக்கி அடைத்தார்கள். துறைமுகம் கூப்பிடு தூரம்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை. சுவாமியார் பிரசங்கம் தொடங்கியிருந்தார். முதல் சத்தத்தை இடி என்று நினைத்தோம். இரண்டாவதில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மூன்றாவதில் முகட்டுச் சுண்ணாம்பு சுவாமியாரின் தலையில் கொட்டியது. “குண்டு!” என்று யாரோ கத்தினார்கள்.

முந்நூறு பேர், ஒரே ஒரு கதவு. எல்லோரும் ஒன்றாக எழும்பினோம். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உஷ் நின்றார்.

“உஷ்ஷ்! எங்க ஓடுறியள்?”

“ஐயா, ஜப்பான்காரன் குண்டு போடுறான்!” என்றார் புரொக்டர்.

“அவன் போடட்டும். நீங்கள் ஆரின்ர சந்நிதியில நிக்கிறியள்? ஒவ்வொரு வரியா வாங்கோ. முழந்தாளிட்டிட்டு ஓடுங்கோ!”

நம்பினால் நம்புங்கள், நாங்கள் அப்படியே செய்தோம். ஜப்பான்காரனை இன்றைக்குத்தான் சந்திக்கிறோம், உஷ்ஷை ஒவ்வொரு ஞாயிறும் சந்திக்க வேண்டுமே. ஒவ்வொரு வரியாக வந்து, பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டு, சிலுவை போட்டு, வெளியே ஓடினோம். புரொக்டர் அவசரத்தில் மறந்துவிட்டார். “திரும்பிப் போம்!” என்று ஒரு சத்தம். மனுஷன் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் திரும்பிப் போய் முழந்தாளிட்டுவிட்டு வந்தார்.

என் முறை வந்தபோது அவர் குரல் இறங்கியது. “பிள்ளை, நீர் முழந்தாளிட வேண்டாம். தலையை மட்டும் குனிஞ்சிட்டுப் போம்.”

ஒருவரும் விழவில்லை. ஒரு குழந்தைகூட மிதிபடவில்லை. கடைசியாகச் சுவாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு, உஷ் முற்றத்துக்கு இறங்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அப்போது ரோசம்மா அக்கா கேட்டார்: “சூசைமுத்தர் எங்க?”

எட்டிப் பார்த்தோம். முன்வரிசையில் கிழவர் தனியே, நிம்மதியாக, வாயைத் திறந்தபடி நித்திரை.

உஷ் ஓடினார். தொப்பியோடு ஓடினார். நடுவழியால் சப்பாத்து தடதடக்க, “சூசையண்ணை! எழும்பும், கிழட்டு மாடே!” என்று கோயில் அதிரக் கத்திக்கொண்டு ஓடினார். கிழவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, பீடத்துக்கு முழு முதுகையும் காட்டியபடி திரும்பி ஓடி வந்தார். முதுகில் குலுங்கிக்கொண்டு வந்த சூசைமுத்தர், “பூசை முடிஞ்சுதே?” என்று கேட்டுவிட்டு அவர் பிடரியிலேயே ஒரு தும்மல் தும்மினார்.

இருவரும் படி இறங்கி முடியவில்லை. அடுத்த அதிர்வில் பீடத்துக்கு மேலிருந்த கண்ணாடி முழுவதும் அந்த முன்வரிசை வாங்கில் கொட்டியது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிறு உஷ் கோயிலுக்குள் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே முற்றத்து வெயிலில் நின்றார். சுவாமியார் போய்க் கேட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

“சுவாமி, நான் சந்நிதியில ஓடினன். தொப்பியோட ஓடினன். மாடெண்டு பேசினன். முதுகைக் காட்டினன்.”

“ஒரு உயிரைக் காப்பாத்தினீரே!”

“அது சரி சுவாமி. ஆனா மன்னிப்புக் கேக்கவேணும்.”

“உள்ள வந்து கேளுமன்.”

“குற்றம் செய்தவன் வெளியில நிண்டுதான் கேக்கவேணும். கூப்பிட்டாத்தான் உள்ள வரலாம்.”

“நான் கூப்பிடுறன், வாரும்.”

“நீங்களும் அவரிட்ட வேலை செய்யிறவர்தானே, சுவாமி?”

சுவாமியார் திரும்பிப் போய்ப் பூசையைத் தொடங்கினார். அந்த நாட்களில் கொழும்பே பயந்துபோய் ரயிலேறிக்கொண்டிருந்தது. கோயிலில் ஐம்பது பேர் மிஞ்சியிருந்தால் அதிகம். மூன்று ஞாயிறு அவர் வெயிலில் நின்றார். கண் குழி விழுந்துவிட்டது. இரவில் நித்திரையே இல்லை என்று அவர் இருந்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

மூன்றாவது ஞாயிறு, பூசை தொடங்குமுன், சூசைமுத்தர் முன்வரிசையில் எழும்பி நின்று வாசலைப் பார்த்துக் கத்தினார்:

“டேய் தம்பி! உன்னை உள்ள வரட்டாம்!”

வெளியிலிருந்து குரல் வந்தது. “ஆர் சொன்னது?”

“எனக்குக் காது கேக்காதெண்டு உனக்குத் தெரியுமெல்லோ? எனக்கே கேட்டுது. அப்ப ஆர் சொல்லியிருப்பார்?”

பிறகு சப்பாத்தைத் துடைக்கும் ஓசை கேட்டது. உஷ் மெல்ல நடந்து வந்தார், பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார், நெடுநேரம் எழும்பவில்லை. எழும்பியபோது சூசைமுத்தர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினார். கோயிலுக்குள் அவர் உட்கார்ந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் உஷ்ஷின் தலை சூசைமுத்தரின் தோளில் சாய்ந்துவிட்டது. சுவாமியார் கண்டுவிட்டுக் குரலைத் தணித்தார். பிறகு பிரசங்கத்தையே சுருக்கினார். பூசை முடிந்ததும் எல்லோரும் நுனிக்காலில் வெளியேறினோம்.

மத்தியானம் நான் இரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு போனேன். ஐயா இன்னும் நித்திரை. கிழவர் வைத்த தோள் வைத்தபடி இருந்தார். விறைத்துப் போயிருக்க வேண்டும். எழுப்பட்டுமா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, நானும் அந்த வாங்கில் ஒரு ஓரமாக இருந்தேன்.