ஓடக்கூடாத மிக்ஸி

மிக்ஸி ஓடியது. ஓடியிருக்கவே கூடாது.

பானுமதி சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் ஓடியது. முந்தின நாள் மாலை இண்டூரில் தன் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டை அவளேதான் கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குள் ஒளித்திருந்தாள்.

"இது ஓடக்கூடாதே" என்றாள் வாய்தவறி.

"ஏங்க மேடம் ஓடக்கூடாது?" என்று கேட்டாள் முன் பெஞ்சு மாணவி ஜாஸ்மின்.

அதியமான்கோட்டை நெடுஞ்சாலையோரத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் ஆசிரியை அவள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாணவர்களில் பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள். மீதிப் பேர் தூங்குவார்கள்.

"மாசக் கடைசியில வந்து பார்ப்பேன். பெஞ்சு காலியா இருந்தா இந்தப் பிரிவையே மூடிடலாங்க. நீங்களும் வேற எடம் பார்த்துக்குங்க" என்று தாளாளர் மாரப்பன் சொல்லிவிட்டார்.

பழுதான பொருளைக் கையில் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும் என்று பானுமதிக்குத் தோன்றியது. ஆனால் வீட்டில் எதுவும் பழுதாகவில்லை. அதனால் அவளே பழுதாக்கினாள்.

இப்போது மிக்ஸியைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே புத்தம் புதுக் கார்பன் துண்டு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து மிக்ஸியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"உங்க வூட்டுல வோல்டேஜ் கம்மியோ என்னமோங்க மேடம்" என்றான் கடைசி பெஞ்சு பச்சியப்பன்.

வீட்டுக்குப் போன வேகத்தில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கழற்றிய துண்டு கடுகுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது.

"என்னங்க, மிக்ஸியில கை வச்சீங்களா?"

கணவன் தமிழ்மணி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "பல்பு மாட்டறதுக்கே உன்னத்தான் கூப்புடறேன். நான் எங்க மிக்ஸியில கை வைக்க?"

"கடையில புதுசு வாங்கிப் போட்டிருக்கீங்க. ஒத்துக்குங்க."

"மிக்ஸிய சரிபண்ணிட்டான்னு புருசன சந்தேகப்படற பொம்பள இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான், பானு."

மறுநாள் இஸ்திரிப் பெட்டி. உள்ளே வயரைத் துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். வழக்கம்போலப் பட்டறை மேசையில் வைத்துவிட்டு, ஆசிரியர் அறைக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாள். செத்த பெட்டிதானே என்று வகுப்பில் சுவிட்சைப் போட்டு அடித்தட்டைத் தொட்டுக் காட்டினாள். விரல் சுட்டுவிட்டது.

"சுடுதுங்களா மேடம்?" என்று வெகு அக்கறையாகக் கேட்டாள் ஜாஸ்மின்.

பானுமதிக்கு வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கரும்பலகையில் பெட்டியின் வயர் போகும் வழியை வரைந்தாள். எங்கே அறுந்தால் சூடேறாது, அறுந்தும் சூடேற முடியுமா என்று அவர்களையே கேட்டாள். ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டை போட்டார்கள். பாடப் புத்தகம் பையிலேயே கிடந்தது. பஸ் ஏறப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அடுத்தது டேபிள் ஃபேன். அது சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரைக் கழற்றித் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாள். அதுவும் வகுப்பில் ஜம்மென்று சுற்றியது. வீட்டில் ராத்திரியெல்லாம் வியர்த்து விழித்திருந்த தமிழ்மணி, "உனக்கு வேலை நிக்கணும், சரி. நானும் உசுரோட நிக்க வேணாமா?" என்றான்.

தாளாளர் வரும் நாளன்று கிரைண்டர். கல்லைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கழற்றித் தமிழ்மணியிடமே கொடுத்தாள். "சாயங்காலம் வரைக்கும் இத கையிலயே வச்சிருக்கணும்."

சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். "பெல்ட்டு எங்கங்க?"

"கையிலதான் இருக்குது. ஆபீசுல எல்லாரும் என்னன்னு கேக்கறாங்க. வேண்டுதல்னு சொல்லிட்டேன்."

வகுப்புக்குள் போய் சுவிட்சைப் போட்டாள். கல் கடகடவென்று சுற்றியது.

பானுமதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கிரைண்டரைக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றத் தொடங்கினாள். சுற்றிலும் மாணவர்கள் முட்டிக்கொண்டு குனிந்தார்கள். "பெல்ட் இல்லாம எப்படிடா சுத்தும்? யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது மாரப்பன் வாசலில் வந்து நின்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தவர், தானும் எட்டிக் குனிந்தார்.

"எப்படிங்கம்மா இவங்கள இப்படி இழுத்துப் புடிச்சீங்க?"

"எனக்கே தெரியலைங்க சார்."

"தெரியாமயே பண்ணுங்க. பிரிவு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பானுமதி நெற்றி வியர்வையைத் துடைத்தாள். வேலை நிலைத்துவிட்டது. ஆனாலும் மனசு கிரைண்டரை விட்டு வரவில்லை. "நாளைக்கு எதக் கொண்டுவரலாம்?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சியப்பன் தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்தான்.

"இனிமே எதையும் கெடுக்காதீங்க மேடம், சாப்பாட்டு நேரத்துல சரிபண்ணி வச்சதெல்லாம் நாங்கதான், புத்தகத்தப் பார்த்து வாசிக்கறப்ப உங்களுக்கே கொட்டாவி வந்துச்சுங்களா, மேடத்துக்கு எப்படியாவது பாடத்துல ஒரு ஆர்வத்த உண்டுபண்ணணும்னு எல்லாருமாச் சேர்ந்து யோசிச்சோம்."