அண்ணன் வேண்டாமென்ற பைக்

பாசமுள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டுக்காரர், பைக் மூவரும் நலம். மூவரில் அதிகம் அடிபட்டது பைக்தான். அங்கே நீ, அண்ணி, உன் ரத்த அழுத்தம் எல்லாம் நலமா? அன்றைக்குப் போனில், "அம்பது வயசுல பைக்கா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

ஆசைக்காக ஓட்டவில்லை அண்ணா. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. ஏரிக்கு அந்தப் பக்கம் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு தையற்காரர், சர்க்கரை நோயாளி, காலில் ஆறாத புண். நடந்தே போய்ச் சேர்ந்தேன், சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் அவர் ஏதோ பழைய துணியைக் கிழித்துத் தானே கட்டிக்கொண்டிருந்தார். "இனிமே நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சும்மா சாதாரணமாகச் சொன்னார். மறுநாளே டிரைவிங் பயிற்சிப் பள்ளி வாசலில் போய் நின்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பைக் தூசி படிந்து சும்மாதான் நின்றுகொண்டிருந்தது.

சொல்லிக்கொடுப்பவள் என் மகள் வயதுப் பெண். முதல் நாள் சாவியே தரவில்லை. வண்டியைத் தள்ளச் சொன்னாள், பிறகு படுக்கவைத்துத் தூக்கச் சொன்னாள். "கீழ விழுந்தா நீங்கதானே சிஸ்டர் தூக்கணும்?" என்றாள். ஹெல்மெட் பழகட்டும் என்று வீட்டிலும் அதைப் போட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரர் கூப்பிட்டதும் காதில் விழவில்லை, அது எனக்குக் கூடுதல் லாபம். சாவி கிடைத்த அன்று "கிளட்ச மெதுவா விடுங்க" என்றாள், நான் சுட்ட பாத்திரத்தை விடுவதுபோல விட்டேன், வண்டி கன்றுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது, அன்று முழுக்கத் துள்ளல்தான். அடுத்து, "எங்க பாக்குறீங்களோ வண்டி அங்கதான் போகும்" என்றாள். ஏதோ தத்துவம் என்று நினைத்து, எதிரே இருந்த முடிவெட்டும் கடையைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று அதையே பார்த்தபடி போனேன். வண்டி நேராக அதன் வாசற்படியில் போய் நின்றது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினார். கடைக்காரர் மட்டும் அசையவில்லை. "முடி வெட்டணும்னா நடந்தே வரலாமே சிஸ்டர்," என்றார்.

இன்னொரு நாள், மணலில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்து விழுந்தேன். ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிறவளுக்கு வீட்டுக்காரர் கட்டுப் போட்டார். முழங்கை தலையணை மாதிரி ஆகிவிட்டது. "போதும்மா, விட்டுடேன்," என்றார். அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான் அண்ணா, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் அந்தத் தையற்காரரின் காலை நினைத்துக்கொண்டேன். "கொஞ்சம் சின்னதா கட்டுங்க, நாளைக்கு கிளாஸ் இருக்கு," என்றேன்.

அதன்பின் அந்தப் பெண் என்னை எட்டுப் போட வைத்தாள், அதுவும் ஆள் நடக்கிற வேகத்தில். "வேகமா யார் வேணாலும் போகலாம். மெதுவா போங்க, பாக்கலாம்." லைசென்ஸ் சோதனையில் முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன், தோல்வி. இரண்டாம் தடவை ஊன்றவே இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்தது.

முதல் சவாரி ஏரிக்கரைக்கு. பள்ளத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்த்து ஓட்டினேன். தையற்காரர் ஹெல்மெட்டைப் பார்த்து மிரண்டு, "போலீஸா?" என்றார். கழற்றியதும் காலை எடுத்து ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டார். இப்போது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே கவலைப்படாதே. ஏரிக்கரையைத் தாண்டி ஓர் அடிகூடப் போக மாட்டேன். நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன், சத்தியம். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, என்னைத் திட்டிய உன் வாய்க்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
அடங்காத தங்கை

பி.கு.: தபால் எப்போது வந்து சேருமோ என்று இதை நானே நெடுஞ்சாலை வழியாகக் கொண்டுவந்துவிட்டேன். இந்த வரியை உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மாப்பிள்ளை இன்னும் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். வந்துவிட்டோம் என்றால் நம்ப மறுக்கிறார். கதவைத் திறந்து நீயே வந்து சொல்.