அண்டார்டிகாவில் ஒரு வெள்ளிமலை பஸ்

பஸ் ஸ்டாண்டே இல்லாத கண்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பஸ் விட்ட மனுஷன் உலகத்திலேயே எங்கள் கண்டக்டர் அண்ணன் ஒருத்தர்தான். அந்த பஸ்ஸில் தினம் பத்து தடவை ஏற்றப்பட்டு நொந்துபோனவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் சங்கராபுரம் பக்கம். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, அண்டார்டிகாவில் உள்ள ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜெனரேட்டர் பார்க்க ஒரு வருஷ ஒப்பந்தத்தில் போனேன். அங்கே சமையல்காரர் வெள்ளிமலைக்காரர். முன்பு கள்ளக்குறிச்சி–வெள்ளிமலை தடத்தில் கண்டக்டர். கரண்டி பிடித்தும் அந்தப் பெயர் போகவில்லை. பனிக்கட்டிக்கு நடுவில் ஒரு ஊர்க்காரர் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் மத்தியானச் சாப்பாடு வரை இருந்தது.

அங்கே நோய் வந்தால் விளையாட்டில்லை. குளிர்காலம் முழுக்கக் கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது. இருபது சொச்சம் பேர், ஒரே கூரை, ஒரே டாக்டர். ஒருத்தனுக்கு வயிறு கெட்டால் வாரத்துக்குள் எல்லாருக்கும் கெடும். எல்லாரும் படுத்துவிட்டால் ஜெனரேட்டர் பார்க்க ஆள் இருக்காது. "அதனால் சோப்பு போட்டு இருபது எண்ணிக் கை கழுவுங்கள்" என்றார் கேரளத்து டாக்டர்.

கண்டக்டருக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை.

"எண்ணச் சொன்னா பதிமூணுல இருந்து பதினெட்டுக்குத் தாவிடுவானுங்க சார். ஸ்டாப்பிங் சொல்லச் சொன்னா எப்பிடித் தாவுவான்?"

அன்றைக்கே கழுத்தில் விசிலோடு சாப்பாட்டு அறை வாசலில் நின்றுவிட்டார். விசில். கள்ளக்குறிச்சி: உள்ளங்கை. கச்சிராயபாளையம்: புறங்கை. கோமுகி அணை: விரல் இடுக்கு. அப்புறம் மலைப்பாதை, விரலுக்கு ஒரு வளைவு. வெள்ளிமலை வந்தால்தான் தண்ணீர், தட்டு எல்லாம்.

"பசிக்குதுண்ணே. கோமுகியிலயே எறங்கிக்கிறேன்."

"கோமுகியில இன்னா இருக்குது? அணை இருக்குது. குதிக்கப் போறியா? தேய்."

இமாச்சலத்துப் பனி ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர் தினமும் கச்சிராயபாளையத்தைத் தப்பாகச் சொல்வார். வண்டி மறுபடி கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பும். அவருக்குப் பின்னால் நிற்பவன் நான். என் சாம்பார் ஆறியது அந்த ஊர்ப் பெயரால்தான்.

"இப்பதான கழுவினேன்" என்றால், "அப்பறம் எதைத் தொட்ட?" என்பார்.

"கதவுப் பிடிண்ணே."

"அதுக்கு முன்ன அதைத் தொட்டவன் யாரு?"

மறுபடி கள்ளக்குறிச்சியில் ஏறினேன்.

ஒருநாள் போனில் அம்மாவிடம் புலம்பினேன். "இங்க ஒருத்தர் எங்களைக் கை கழுவ வச்சிக்கினே இருக்காரும்மா." லைன் விட்டு விட்டு வந்தது. "பனியில உட்டுட்டுக் கை கழுவிட்டானுங்களாடா?" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பேசும் நேரம் முழுக்க அவரைச் சமாதானப்படுத்தவே போனது.

ஆனால் குளிர்காலம் முழுக்க அங்கே ஒருத்தர்கூடத் தும்மவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோடையில் முதல் விமானம் புது ஆட்களோடு வந்தது. இவ்வளவு நாள் சளி பார்க்காத எங்களுக்கு அவர்களுடைய சாதாரணச் சளியே போதும், படுக்க வைத்துவிடும் என்று டாக்டர் பயந்தார். அவர்களை ஐந்து நாள் தனிக் கொட்டகையில் வைத்தார்கள். எனக்கு மாற்றாக வந்த பிரபுவும் அதில் இருந்தான். அவன் பையில் என் அம்மா கொடுத்துவிட்ட எள்ளுருண்டை டப்பா இருந்தது.

இரண்டு வாரத்தில் எங்களுக்குத் திரும்பும் விமானம். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு எனக்குத் தேதி வந்திருந்தது. விட்டால் வேலை போச்சு. காய்ச்சல் இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கப்பலுக்கு இரண்டு மாசம் காத்திருக்க வேண்டும். கண்டக்டருக்கும் அதே விமானம்தான். ஊரில் அவர் மகளுக்குப் பிரசவ நேரம்.

இவ்வளவும் தெரிந்துதான், இரண்டாம் நாளே கொட்டகைக்குப் போய் டப்பாவை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துத் தின்றேன்.

நாலாம் நாள் கச்சிராயபாளையத்தில் தும்மினேன். விசில் பறந்தது.

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். "தாடியில எள்ளு இருக்குது தம்பி" என்றார்.

என்னை என் அறையிலேயே அடைத்தார்கள். டாக்டர் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். யாரும் மதிக்கவில்லை, ஸ்பேனர் வாங்க நாலு பேர் வந்தார்கள். "அம்மை போட்ட வூடுன்னா வேப்பிலை கட்டணும் சார்" என்றார் கண்டக்டர். அந்தக் கண்டத்துக்குள் சாப்பாட்டுக்குத் தவிர ஒரு பச்சை இலைகூடக் கொண்டுவரக் கூடாது. என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் மிச்சமிருந்த ஒரே பச்சை இன்சுலேஷன் டேப்பை எடுத்து வேப்பிலை வேப்பிலையாக வெட்டிக் கதவில் தொங்கவிட்டார். அப்புறம் இமாச்சலத்துக்காரர்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

அன்று காய்ச்சலில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டர் கரண்டியை இமாச்சலத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு மிளகுக் கஞ்சியோடு உள்ளே வந்தார்.

"போங்கண்ணே, ஒட்டிக்கும்."

"வாயை மூடிக்கினு குடி."

மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று கேட்கத் தெம்பில்லை. இமாச்சலத்துக்காரர் சமைத்த அந்த வாரச் சாப்பாட்டுக்காக நிலையமே என்னைத் திட்டியது. ஆனால் அதுவரை வேறு யாருக்கும் தொற்றவில்லை. விமானத்துக்கு முந்தின நாள் டாக்டர் எனக்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, கண்டக்டர் தானாகவே டாக்டரிடம் போயிருக்கிறார். "ஒடம்பு சுடுது சார். என் பேரை எடுத்துடுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். டேப் வேப்பிலை அவர் கதவுக்கு மாறியிருந்தது.

"அண்ணே, சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேண்ணே" என்றேன், கதவைப் பிடித்துக்கொண்டு.

"ப்ளேன்ல பத்து பேரு வரான்பா" என்றது உள்ளேயிருந்து குரல். "பொறப்புடு. மொதல்ல போய்க் கையைக் கழுவு, கதவைத் தொட்டுக்கினு நிக்கிற."

அப்புறம் இரண்டு விசில். ரைட், போலாம்.

வேலை கிடைத்துவிட்டது. அவர் கப்பல் பிடித்து வந்து பேத்தியைப் பார்த்தபோது அது சிரிக்கப் பழகியிருந்தது.

இப்போதும் ஆபீஸ் குழாயடியில் எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. "இன்னாங்க, குளிக்கிறீங்களா?" என்கிறார்கள். எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, அவர் ஊர் வராமல் இறங்க மனசு வரவில்லை.