வாளியின் முறை

பெருக்கி முடித்து நிமிர்ந்த பிறகுதான் துப்புரவுக்காரருக்கு உறைத்தது. நோயாளிகளின் வரிசையையே பெருக்கித் தள்ளிவிட்டார்.

அந்தச் சுகாதார நிலையத்தில் அதுதான் வழக்கம். விடியற்காலையில் வந்து, வாசலிலிருந்து வரிசையாக ஆளுக்கொரு பொருளை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எட்டு மணிக்குத் திரும்பி வந்து அவரவர் பொருளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நல்ல பொருள் வைத்தால் காணாமல் போகும். அதனால் அறுந்த செருப்பு, உடைந்த மூடி, அரைச் செங்கல் என்று அன்றன்றைக்குக் கைக்குக் கிடைத்ததை வைப்பார்கள். ஆறு மாதமாக அவர் அதைச் சுற்றித்தான் பெருக்கினார். இன்று தலைவலியில் கண் மங்கி, வரிசைக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய வித்தியாசம் இருந்ததாகவும் சொல்ல முடியாது.

தலைவலி மூன்று வாரமாக இருந்தது. டாக்டர் இருபது அடி தூரத்தில் இருந்தார். துப்புரவுக்காரர் போகவில்லை. இன்று சாயங்காலம் அவர் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் தலைமை நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். சீக்காளியை யார் நிரந்தரமாக்குவார்கள்? பெட்டிக்கடை மாத்திரையை விழுங்கிவிட்டு, ஊசி போட்டுக்கொள்ளத் தினமும் முதல் ஆளாக வரும் இஸ்திரிக்காரம்மாவிடம் மட்டும் புலம்பிக்கொண்டிருந்தார். இன்று தாமதமாக வந்ததில் அந்த அம்மாவையும் பார்க்கவில்லை.

தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் இறங்கினார். அங்கே தெருவின் குப்பை முழுவதும் கிடந்தது. எது வரிசை, எது குப்பை? சந்தேகப்பட்டதையெல்லாம் அள்ளி வந்து பரப்பினார். முப்பத்தெட்டுப் பொருள்கள். எட்டு மணிக்கு வந்தவர்கள் இருபத்துநாலு பேர்.

"என் செங்கல் ரெண்டாவதா இருந்துச்சு. இப்ப பதினொண்ணுல கிடக்கு!" என்றார் லாரி டிரைவர்.

"அது என் செங்கல்ங்க. மூலை ஒடஞ்சிருக்கு பாருங்க," என்றார் பின்னால் ஒருவர்.

"ஒடையாத செங்கல எவன்யா இங்க வைப்பான்?"

"சண்டை வேணாம். எல்லாரும் ஞாபகப்படி நில்லுங்க," என்றார் துப்புரவுக்காரர்.

ஞாபகப்படி மூன்றாவது இடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்தார். ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லோரும் ஒத்துப்போனார்கள். முதலாவதாக இருந்தது பிடி இல்லாத நீல வாளி. துப்புரவுக்காரர் ஓடிப்போய் அதை எடுத்து முதலில் வைத்தார். வாளிக்கு மட்டும் ஆள் வரவில்லை.

"வாளிக்காரர் வரல. நான் போறேன்," என்றார் டிரைவர்.

"அது எப்படி?" வரிசையின் கடைசியிலிருந்து இஸ்திரிக்காரம்மா குரல் கொடுத்தார். "இன்னைக்கு வாளியத் தாண்டுவீங்க. நாளைக்கு எங்க செருப்பத் தாண்டுவீங்க. வாளி போகாம யாரும் போகக் கூடாது!"

கூட்டம் ஆமாம் போட்டது. வேறெங்கும் தங்கள் முறை வந்து பார்த்திராதவர்கள். இங்கே விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

உள்ளே டாக்டர் மணி அடித்தார். யாரும் நகரவில்லை. மறுபடி அடித்தார். தலைமை நர்ஸ் வெளியே வந்தார்.

"உள்ள டாக்டர் ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க. யாரு முதல்ல?"

"வாளி, சிஸ்டர்," என்றார் துப்புரவுக்காரர்.

"வாளிக்கு என்ன, காய்ச்சலா?"

யாரும் சிரிக்கவில்லை.

"இந்தக் கூத்துக்கெல்லாம் யாருய்யா காரணம்?"

துப்புரவுக்காரர் கண்ணுக்கு முன்னால் அந்தக் கையெழுத்து கரைந்துகொண்டிருந்தது.

"முதல் இடத்துல வாளிய வெச்சது இந்தத் தம்பிதான், சிஸ்டர்," என்றார் இஸ்திரிக்காரம்மா. "நான் கண்ணால பாத்தேன்."

"வாளி உன்னுதா?"

இல்லை என்றால் வரிசை நகராது. குப்பைத்தொட்டிக் கதையும் வெளியே வந்துவிடும்.

"என்னுதுதான், சிஸ்டர்."

"அப்ப உள்ள போ. ஊரையே நிக்க வெச்சுக்கிட்டு!"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல மேடம். ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போயிடறேன்."

"விடியறதுக்கு முன்னாடி வாளி வெச்சு, முதல் ஆளா வந்து, ஒண்ணும் பண்ணலயா? கைய நீட்டு."

பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். திரும்பவும் அடித்தார்.

"பிரஷர் இருநூத்திப் பத்து. தலை வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"கண்ணு மங்குதா?"

"இல்ல மேடம்."

"பொய் சொன்னா இன்னும் ஏறும்."

"மூணு வாரமா வலிக்குது மேடம்."

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வாய் ஒரு பக்கமா கோணியிருக்கும். இந்தப் பொய்யக்கூட ஒழுங்கா சொல்லியிருக்க முடியாது."

"சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்."

"சிஸ்டர் உன் பின்னாடிதான் நிக்கறாங்க."

அவர் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? ஆறு மாத வேலை, பிடி இல்லாத ஒரு வாளியில் போயிற்று.

"இங்க வேலை பாத்துக்கிட்டு பெட்டிக்கடையில மாத்திரை வாங்கித் தின்னியா?" என்றார் நர்ஸ். "போன ஆளு நாலே நாள்ல ஓடிட்டான். அதுக்கு முந்தின ஆளு துடைப்பத்தோட ஓடிட்டான். உன்னையும் விட்டுட்டு நான் எங்கய்யா ஆள் தேடுவேன்? போய்ப் படு."

கையிலிருந்த நிரந்தர வேலைத் தாளைச் சுவரில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மாத்திரை கொடுத்து இரண்டு மணி நேரம் கட்டிலில் போட்டார்கள். மறுபடி பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. தினமும் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். துப்புரவுக்காரர் எழுந்து மெல்லத் தலையை ஆட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு வாசல் தெளிவாகத் தெரிந்தது.

வரிசை கரைந்திருந்தது. இஸ்திரிக்காரம்மா மீதிப் பொருள்களைக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். "இது குப்பை. இதுவும் குப்பை. இதுக்கெல்லாம் ஆள் வராது."

காலையில் வாளிக்கு நியாயம் பேசியவர். துப்புரவுக்காரருக்குப் புரியவில்லை.

"நீங்க இன்னும் உள்ள போகலையாக்கா? தினம் முதல் ஆளாச்சே. இன்னைக்கு எதை வெச்சீங்க?"

அந்த அம்மா வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இதைத்தான் தம்பி, நீ ஒரு தடவ உள்ள போய்ட்டு வந்தா காலங்காத்தால உன் தலைவலிப் புராணம் கேக்க வேண்டியதில்லையேன்னு வாய மூடிக்கிட்டு கடைசியில போய் நின்னுட்டேன்."