சுத்தமான வாயு

லேபிள் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு. அலுவலகத்துக்கு ஒருவராவது தேறுவார். எந்தப் பொருளானாலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, மீதி முப்பது வரிகளையும் தாமே மனசுக்குள் எழுதிக்கொள்வார். கண்ணாடி போட்டிருப்பார். படிப்பதற்கு அல்ல, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதற்கு.

நம் பண்டிதர் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்கு மேலாளர். அறை மூலையில் ஆளுயரச் சிவப்பு சிலிண்டர் ஒன்று. உள்ளே ஹாலோன் வாயு. தீப்பிடித்தால் மணி அலறும். ஆட்கள் ஓட அரை நிமிஷம் அவகாசம். பிறகு வாயு பீறிட்டு வந்து தீயை அமுக்கிவிடும். தண்ணீர்போல இயந்திரத்தைக் கெடுக்காது, பொடிபோலப் படியாது, மின்சாரத்தையும் கடத்தாது. அதனால்தான் சீட்டின் முதல் வரியில் ‘சுத்தமான வாயு’ என்று போட்டிருந்தார்கள். சுத்தம் இயந்திரத்துக்கு. பண்டிதர் அதைத் தம் மூக்குக்கு என்று எடுத்துக்கொண்டார்.

வருகிறவர்களையெல்லாம் சிலிண்டரின் முன் நிறுத்தி, இதை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை, அபூர்வமான சரக்கு என்று பாட்டன் சொத்தைப்போலத் தட்டிக் காட்டுவார். ஏன் செய்வதில்லை? வானத்து ஓசோனை அரிக்கிறதே என்று நிறுத்திவிட்டார்கள். அதைச் சொன்னால், வானம் எங்கே, நாம் எங்கே என்பார். ஓசோனையே ஓட்டை போடுகிற ஆசாமி, நம் நுரையீரலை மட்டும் தடவிக் கொடுப்பானாம்!

ஒரு மத்தியானம் அவருடைய மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி, எலக்ட்ரீஷியன், தரைப் பலகையைக் கழற்றிக் கீழே பள்ளத்தில் படுத்து ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஒயர்க் கட்டு பற்றிக்கொண்டது. மணி அலறியது. அங்கே துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா வாசலுக்கு ஓடி, அவனையும் வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.

வாசலில் நின்ற பண்டிதர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ வேலையப் பாருடா, தீய வாயு அணைச்சுடும். சுத்தமான வாயுதான். ஒண்ணும் ஆகாது.”

கூடப்பிறந்த அக்காவின் புருஷன் சொன்னால் மச்சினன் கேட்காமல் இருக்க முடியுமா? எழுந்தவன் மறுபடி படுத்தான். வாயு வந்தது. காற்றைவிடக் கனமானது, நேரே பள்ளத்துக்குள் இறங்கியது. தீயில் பட்ட வாயு அமிலப் புகையாகி மேலே வந்தது. பண்டிதரின் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. பள்ளத்திலிருந்து இருமல் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. மனைவியின் முகம் அவர் கண்முன் வந்து நின்றது. ஐயோ, அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கழற்றிய கண்ணாடியோடு அங்கேயே நின்றார்.

துப்புரவு அக்கா ஈரத் துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே பாய்ந்து, மச்சினனின் காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டாள். இயந்திரங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மச்சினனுக்குத்தான் பத்து நாள் ஆஸ்பத்திரி.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் பண்டிதர், மூச்சு வந்ததும்.

“மணி அடிச்சா உடனே வெளியேறணும், மூச்சுக்கு ஆபத்துன்னு பதினோராவது வரியில போட்டிருக்கே சார். தினமும் நான்தானே அந்தச் சீட்டத் தொடைக்கிறேன்.”

பண்டிதர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் மச்சினனின் மருந்துப் பாட்டிலை எடுத்து முதல் வரியைப் படித்தார். மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேலே ‘சுத்தமான வாயு’ என்ற தலைப்பைப் பார்த்ததும், ஏதோ மரம் நடுகிற சமாசாரம் என்று முடிவுகட்டியது யாராம்?